உயிருள்ள விரிசல்

என் அத்தானை எங்கள் பக்கத்தில் எல்லாரும் கண்ணாடிக்காரர் என்றுதான் சொல்வார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் சிலர் அவர் மூக்குக்கண்ணாடி விற்கிறவர் என்று நினைத்து, கிட்டப்பார்வைக்கு வைத்திருக்கிறீர்களா என்று வாசலில் வந்து நின்றிருக்கிறார்கள். அவரும் சளைக்காமல் உட்காரவைத்துத் தன் தொழிலை அடியிலிருந்து விளக்குவார். கேட்டவர்கள் அப்புறம் அந்தத் தெருப் பக்கமே தலைகாட்ட மாட்டார்கள்.

அவர் பார்த்த வேலை இதுதான். அரசாங்கக் கட்டடங்களைப் பராமரிக்கும் அலுவலகத்தில், விரிசல் விட்ட சுவர்களைக் கவனிப்பது. விரிசலுக்குக் குறுக்கே விரல் நீளத்துக்கு ஒரு மெல்லிய கண்ணாடிச் சில்லை வைத்து, இரண்டு முனையிலும் சிமெண்டைக் குழைத்து அப்பிவிட்டு வருவார். சில மாதம் கழித்துப் போய்ப் பார்ப்பார். சில்லு முழுசாக இருந்தால் விரிசல் செத்துவிட்டது, பூசி மறைத்துவிடலாம். உடைந்திருந்தால் விரிசலுக்கு இன்னும் உயிர் இருக்கிறது, சுவர் நகர்ந்துகொண்டிருக்கிறது, மேலே பூசுவதெல்லாம் கண்துடைப்பு. சிமெண்ட் இறுகிப் பிடித்துக்கொள்ளும், கண்ணாடி வளைந்து கொடுக்காது. அதனால் சுவர் ஒரு மயிரிழை அசைந்தாலும் சில்லு பட்டென்று போய்விடும். கண்ணாடிக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பார் அத்தான்.

ஒருமுறை ஒரு பள்ளிக்கூடத்தில் வரிசையாகச் சில்லு ஒட்டிவிட்டு வந்தார். இது உடைந்தால் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிடுவார்கள் என்று ஒரு வாத்தியார் வகுப்பில் வாய்தவறிச் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் போனால் ஒரு சில்லுகூட உருப்படியாக இல்லை. எல்லாவற்றையும் பிள்ளைகள் கல்லால் அடித்துத் தீர்த்திருந்தார்கள். அத்தான் கோபப்படவில்லை. ஏணி போட்டுக் கைக்கெட்டாத உயரத்தில் மறுபடி ஒட்டிவிட்டு வந்தார்.

நான் பெயிண்டர். அவருடைய மனைவி என் கூடப்பிறந்த அக்கா. சுவரில் இருப்பதை அவர் கண்டுபிடித்துச் சொல்கிறவர், நான் மூடி மறைக்கிறவன். ஆகவே எங்களுக்குள் ஒத்துப்போகாது என்பது கல்யாணத்தன்றே முடிவாகிவிட்டது. ஆனாலும் வாரத்தில் பாதி நாள் சாயங்காலம் நான் அங்கேதான் கிடப்பேன். அக்கா போடும் டீ ஒரு காரணம். அத்தானோடு வாயாடுவது இன்னொரு காரணம்.

சுவரையே பார்த்துப் பார்த்து அவருக்கு ஒரு சித்தாந்தம் வந்திருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் நீண்ட தாழ்வாரத்தில் அது தொடங்கியது. அங்கே சில்லின் ஒரு முனையை மட்டும் ஒட்டி, மறுமுனை ஓரமாகச் சுவரில் பென்சில் கோடு போட்டிருந்தார்கள். வெயில் ஏற ஏறக் கோட்டுக்கும் சில்லுக்கும் இடைவெளி விழுந்தது. பொழுது சாயும்போது இரண்டும் மறுபடி சேர்ந்துகொண்டன. இவ்வளவு பெரிய கட்டடம் மூச்சு விடுகிறது என்று அவருக்குப் பட்டது. அன்றிலிருந்து நிற்கிற பொருள் என்று அவருக்கு உலகத்தில் எதுவுமே இல்லாமல் போனது.

"நிக்கிறதுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது மாப்ள," என்று டம்ளரைக் கையில் எடுத்ததும் ஆரம்பிப்பார். "மலை போயிட்டிருக்கு. பாறை கரைஞ்சிட்டிருக்கு. இந்த உத்தரம் கீழ வளைஞ்சிட்டிருக்கு. நம்ம கண்ணுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அதனால நிக்குதுன்னு சொல்லிட்டுப் போயிடறோம்."

"டீ ஆறிட்டிருக்கு. அதையும் கொஞ்சம் கண்ணெடுத்துப் பாருங்க," என்பாள் அக்கா.

அக்கா நேர் எதிர். அவள் வீட்டில் கத்தரிக்கோல் ஒரு ஆணியில்தான் தொங்கும். சாவி ஒரு கிண்ணத்தில்தான் கிடக்கும். யாராவது தண்ணீர்ச் சொம்பை இடம் மாற்றி வைத்துவிட்டால் அன்றைக்கு வீடு இரண்டாகும். சட்டைக் கம்பெனியில் பொத்தான் தைக்கிற வேலை அவளுக்கு. நாள் முழுக்கக் குனிந்த தலை. சாயங்காலம் வந்து முகம் கழுவி, எல்லாருக்கும் டீ கொடுத்துவிட்டு, உள்ளறையில் ஜன்னலுக்குக் கீழே காலை நீட்டி உட்கார்ந்து தலையைச் சுவரில் சாய்த்துக்கொள்வாள். அந்த இடம்தான். ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அங்கிருந்தபடியே எங்கள் பேச்சுக்கெல்லாம் பதில் சொல்வாள்.

ஒருநாள் அத்தான் நட்சத்திரம் வரைக்கும் போய்விட்டார். அதுவும் நகர்கிறது, இதுவும் நகர்கிறது என்று அவர் அடுக்கிக்கொண்டே போக, அக்கா கண்ணை மூடியபடி கேட்டாள்.

"எல்லாமே நகருதுன்னா, நகருதுங்கறத எத வச்சு அளப்பீங்க? பென்சில் கோடு ஒரு இடத்துல நின்னாத்தானே கண்ணாடி நகர்ந்தது தெரியும்?"

அவளுக்குச் சொல்லப் பதில் கிடைக்காவிட்டால் அத்தானுக்கு உடனே தாகம் எடுக்கும். குடிக்கத் தண்ணி கொண்டா என்றார். சொம்பு எங்கே இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், எடுத்துக் குடியுங்கள் என்று அக்கா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் அவர் என்னோடு அந்த வாரம் முழுக்கப் பேசவில்லை.

அவள் தலை சாய்த்த இடத்தில் சுவரில் எண்ணெய்க் கறை படிந்துவிட்டது. ஒரு தட்டு அகலத்துக்குப் பழுப்பாக இருக்கும். சுவரை இப்படிப் பாழடிக்கிறாளே என்று அத்தான் என்னிடம்தான் முறையிடுவார். நானும் ஒவ்வொரு தடவை வெள்ளையடிக்கும்போதும் சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்து, ப்ரைமர் அடித்து, மேலே இரண்டு பூச்சு கொடுத்துப் பார்ப்பேன். எண்ணெய்க் கறை லேசில் மசியாது. நாலு மாதத்தில் மஞ்சளாக எட்டிப் பார்க்கும். அதற்குள் அவளும் அதே இடத்தில் சாய்ந்து கறைக்குக் கைகொடுத்திருப்பாள். என் தொழிலுக்கே இழுக்கு என்று நான் சண்டை போட்டால், "உன் பெயிண்ட்டுதான் சரியில்ல தம்பி," என்று சொல்லிவிடுவாள்.

அந்த அக்கா ஒரு மழைக்காலத்தில் போய்விட்டாள். காய்ச்சல் என்று படுத்தாள், எழுந்திருக்கவில்லை. அத்தான் அப்போது ஓய்வு பெற்றிருந்தார். எல்லார் முன்னாலும் அவர் அழவில்லை. வந்தவர்களெல்லாம் போன பிறகு என்னிடம் மட்டும் ஒன்று சொன்னார்.

"அளக்கறதுக்குன்னு இருந்த ஒரே இடமும் போயிடுச்சு மாப்ள."

ஏதாவது சொல்லி அவரைச் சீண்டுவதுதான் என் வழக்கம், அன்றைக்கு டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு அந்த அறையில் வெள்ளையடிக்க அவர் என்னை விடவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு. சுவர் ஈரமாக இருக்கிறது என்பார், வெயில் போதாது என்பார், மூச்சு முட்டுகிறது என்பார். காரணம் எனக்குத் தெரியாமலா? அடிக்காவிட்டால் போகிறது என்று விட்டுவிட்டேன்.

பக்கத்து மனையில் அடுக்குமாடி எழுப்ப ஆழமாகத் தோண்டினார்கள். தோண்டிய கையோடு பெரிய மழை பெய்தது. மண் இறங்கி, அத்தான் வீட்டு உள்ளறையின் வெளிச்சுவரில் விரிசல் விழுந்தது. ஜன்னலின் கீழ்மூலையில் தொடங்கிச் சாய்வாக இறங்கி, கறைக்கு ஒரு சாண் பக்கமாகப் போய்த் தரையைத் தொட்டது. எங்களுக்கெல்லாம் பகீரென்றது. அத்தான் அமைதியாக ஒரு சில்லை எடுத்து ஒட்டினார். கொஞ்ச நாள் போனதும், சில்லு முழுசாக இருக்கிறது, செத்த விரிசல், யாரும் பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். விரிசல் விஷயத்தில் கண்ணாடிக்காரரை எதிர்த்துப் பேச எங்கள் குடும்பத்தில் யாருக்குத் துணிச்சல் இருக்கிறது?

அவருக்கு ஒரே மகள். அவள் புருஷனுக்கு வேறு ஊருக்கு வேலை மாற்றம் வந்தது. அங்கே வீடு பார்த்துக் குடியேறும்வரை கைக்குழந்தையோடு அப்பா வீட்டில் இருக்கப்போவதாக எனக்குப் போன் செய்தாள்.

"மாமா, உள்ரூம மட்டும் கொஞ்சம் அடிச்சுக் குடுத்துடுங்க. அப்பாகிட்ட சொன்னா சாக்குப்போக்கு சொல்றாரு. குழந்தைய அந்த ரூம்லதான் படுக்க வைக்கணும், முன்ரூம்ல ஒரே தூசி."

நான் வாளியும் சுரண்டுகிற தகடும் எடுத்துக்கொண்டு போனபோது அத்தான் கடைக்குப் போயிருந்தார். கறையைத் தொட எனக்கும் மனம் வரவில்லை, அதனால் விரிசல் பக்கமிருந்து ஆரம்பிக்கலாம் என்று உட்கார்ந்தேன். விரிசலின் ஓரத்தில் தகட்டை வைத்தேன். அது பாட்டுக்கு உள்ளே போயிற்று. பாதித் தகடு போயும் தட்டவில்லை. கையால் தடவிப் பார்த்தேன். விரிசலின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட மேடாக இருந்தது. செத்த விரிசல் இப்படி இருக்காது, அது பெயிண்டருக்கே தெரியும். ஆனால் சில்லு மட்டும் ஒரு கீறல்கூட இல்லாமல் பளபளவென்று இருந்தது.

கட்டைவிரலால் அதை லேசாகத் தள்ளினேன். சறுக்கியது.

மூக்கைக் கிட்டே கொண்டுபோனதும் புரிந்துவிட்டது. சிமெண்ட் இல்லை. ஜன்னல் சட்டத்தில் கண்ணாடி பதிக்க நாங்கள் வைக்கிற மக்கு. எண்ணெய் விட்டுப் பிசைந்தது, மாதக்கணக்கில் இறுகாது, இழுத்த இழுப்புக்கு வரும். சுவர் எவ்வளவு நகர்ந்தாலும் சில்லு அதோடு சேர்ந்து நகருமே ஒழிய உடையாது. மக்கும் என் டப்பாவிலிருந்து எடுத்ததாகத்தான் இருக்கும், அந்த வீட்டில் வேறு யாரிடம் மக்கு இருக்கிறது? வாழ்நாளெல்லாம் கண்ணாடிக்குப் பொய் சொல்லத் தெரியாது என்றவர், தன் வீட்டில் கண்ணாடிக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்திருக்கிறார்.

பையோடு உள்ளே வந்தவர் என் கையில் இருந்த தகட்டைப் பார்த்தார். அப்புறம் சில்லைப் பார்த்தார்.

"மக்கு வச்சு ஒட்டியிருக்கீங்க," என்றேன்.

"ம்."

"இது நிக்காதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சதாலதான் மக்கு வச்சேன்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "பச்சைப்புள்ள வரப்போகுது அத்தான். உங்களுக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?"

அவர் பையைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரம் குந்தினார். என்னையும் கையைப் பிடித்து உட்காரவைத்தார். கறையைச் சுற்றி விரலை ஓட்டிக் காட்டினார். அப்போதுதான் நான் பார்த்தேன், கறையைச் சுற்றி மெல்லிசாக ஒரு பென்சில் கோடு. சில்லின் ஓரத்தில் போடுவாரே, அதே மாதிரிக் கோடு.

"அவ நம்மள விட்டுப் போன அந்த வாரமே நான் போட்டது. அப்ப கறை இந்தக் கோட்டுக்குள்ள இருந்துச்சு. இப்ப பாரு, கீழ்ப்பக்கம் எவ்வளவு தாண்டி வந்திருக்கா."

அவருடைய விரல் கோட்டுக்கு வெளியே பரவியிருந்த பழுப்பின் மேல் நின்றது.

"எண்ணெய்தானே அத்தான். வெயில் சுவர்ல பட்டா பரவத்தான் செய்யும்."

"தெரியும்டா. எனக்குத் தெரியாதா? தெரிஞ்சேதான் தினம் பாக்கறேன்."

"ஒண்ணுமே நிக்காதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சது யாரு?"

"நான்தான். இப்பவும் அதையேதான் சொல்றேன்," என்றார். "இத நிக்கச் சொல்லல மாப்ள. கொஞ்சம் மெதுவாப் போன்னுதான் கேக்கறேன்."

என் ஆத்திரமெல்லாம் அப்படியே வடிந்துவிட்டது. சுவரை இடிக்கும்முன் பூச்சை மட்டும் கறையோடு பெயர்த்து எடுத்து வைக்கலாமே என்று யோசனை சொன்னேன். பழைய பூச்சு, தொட்டால் தூளாகத்தான் வரும் என்றார். அதுவும் சரிதான். கடைசியில், மகள் வருவதற்குள் நீங்களே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் நான் சொல்ல வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் அக்கா ஞாபகம்தான். அவள் இருந்தால் இரண்டு பேரையும் ஒரு வார்த்தையில் உட்காரவைத்திருப்பாள்.

மகள் சொன்ன நாளுக்கு முன்னாலேயே வந்துவிட்டாள். சாமான் ஏற்றிவந்த வண்டியிலேயே குழந்தையோடு ஏறிக்கொண்டாளாம். எனக்குப் போன் வந்து நான் ஓடுவதற்குள், மூட்டைகளை முன்னறையில் போட்டுவிட்டு உள்ளறையைக் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தாள். சுவர் அடிக்கவில்லை என்று என்னை ஒரு பிடி பிடித்தாள். அத்தான் நிலைப்படியில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். அவர் இன்னும் சொல்லவில்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது.

ஜன்னலுக்குக் கீழே, கறைக்கு நேராக மெத்தையை விரித்தாள் மகள்.

"அம்மா இடத்துலயே படுக்கட்டும்," என்று குழந்தைக்குக் கை நீட்டினாள்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே விரிசலைப் பார்த்துவிட்டாள். குனிந்து சில்லைத் தொடாமல் உற்றுப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து அப்பாவின் சில்லைத் தொடக்கூடாது என்று பழகிய பெண்.

"பெருசா இருக்கேன்னு ஒரு நிமிஷம் பயந்துட்டேன் மாமா. கண்ணாடி முழுசா இருக்கு. அப்பா பாத்திருப்பாரு," என்று நிம்மதியாகச் சொல்லிவிட்டு மறுபடி கை நீட்டினாள்.

அத்தான் குழந்தையைத் தரவில்லை. இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார்.

"இங்க வேணாம்மா."

"ஏம்ப்பா?"

"அந்தக் கண்ணாடி பொய் சொல்லுது."

மகளுக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"நான்தான் சொல்ல வச்சேன்," என்றார் அத்தான். "சுவர் போயிட்டிருக்கு. இடிக்கணும். நீ எந்திரிச்சு வெளிய வா."

அவள் மெத்தையைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். போகிற போக்கில் கறையை ஒருதரம் உள்ளங்கையால் தொட்டாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்தால், பாதியாவது அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும்.

மறுநாளே கொத்தனார் ஆட்களோடு வந்தார். தளத்துக்கு முட்டுக் கொடுக்கும் வேலையை அத்தானே கூட நின்று பார்த்தார், ஒவ்வொரு முட்டுக்கட்டையையும் தட்டிப் பார்த்தார். கடப்பாரையை எடுத்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்குப் போய்விட்டார். கறை இருந்த பூச்சு அவர் சொன்னபடியே தூளாகத்தான் கொட்டியது. அள்ளிப் பார்த்தேன், விரலிடுக்கில் ஒழுகிப் போய்விட்டது. இடித்துக்கொண்டிருக்கும்போதே விரிசல் பக்கம் இரண்டு வரிசை தானாகச் சரிந்து விழுந்தது. கொத்தனார் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

செங்கல்லெல்லாம் நல்ல வெந்த கல். சுத்தம் செய்து அதையே வைத்துக் கட்டலாம் என்றார் கொத்தனார். அத்தானும் சரி என்றார். ஒட்டியிருந்த காரையைக் கொத்திச் சுத்தம் செய்து நான் அடுக்கிக்கொண்டிருந்தபோது, ஒரு கல்லின் முகம் மட்டும் கருத்திருப்பதைப் பார்த்தேன். எண்ணெய் பூச்சைத் தாண்டிக் கல்லுக்குள்ளும் இறங்கியிருந்தது. ஓடிப்போய் அத்தானிடம் காட்டினேன்.

"இத மட்டும் தனியா எடுத்து வச்சுடட்டுமா?"

அவர் அதைக் கையில் வாங்கவில்லை. கண்ணைக்கூட அதன் பக்கம் கொண்டுபோகவில்லை.

"வேணாம் மாப்ள. எல்லாக் கல்லோடயும் சேத்துப் போடு. தனியா வச்சா அத எங்க வைக்கறது, எதுக்குப் பாக்கறதுன்னு நாள் பூரா அதே வேலையாப் போயிடும். சுவர்ல எங்கயோ அவ இருக்கான்னு இருக்கட்டும்."

பெரிய மனிதர்தான் என்று எனக்குப் பட்டது. சொன்னபடியே குவியலில் போட்டேன். கொத்தனார் அதை எந்த வரிசையில், எந்தப் பக்கம் திருப்பி வைத்தார் என்று எனக்கும் தெரியாது.

புதுச் சுவர் எழும்பியது. காலையும் சாயங்காலமும் அதற்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலையை அத்தான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. குழாயைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் நிற்பார். மகள் முன்னறைத் தூசியில் குழந்தையோடு அல்லாடிக்கொண்டு, எப்போது முடியும் என்று என்னை அரித்தெடுத்தாள். ஒருவழியாகக் கொத்தனார், தண்ணீர் போதும், நாளைக்குப் பூசிவிடலாம் என்றார்.

அதைச் சொல்லிவிட்டு வரலாம் என்று சாயங்காலம் போனேன். முன்னறையில் தாயும் பிள்ளையும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளறைக் கதவு ஒருக்களித்திருந்தது. அத்தான் நனைந்த செங்கல் சுவரோடு ஒட்டி மண்டியிட்டிருந்தார். மூக்கை ஒரு கல்லில் வைத்து மூச்சை இழுத்தார். அடுத்த கல்லுக்கு நகர்ந்தார். அதிலும் வைத்து இழுத்தார். வரிசை முடிந்ததும் கீழ் வரிசைக்கு இறங்கினார். கன்னத்தில், நெற்றியில் எல்லாம் செங்கல்லின் சிவப்பு ஈரம்.

நான் திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். கதவு சத்தம் போட்டுவிட்டது.

அவர் எழுந்திருக்கவில்லை. முகத்தையும் துடைத்துக்கொள்ளவில்லை.

"தண்ணி பட்டா அவ எண்ணெ வாசன வரும்னு நெனச்சேன்," என்றார்.

"வந்துச்சா?"

"எல்லாம் சிமெண்ட் வாசனதான்."

அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்கும் ஒரு கல்லில் மூக்கை வைத்துப் பார்க்கவேண்டும் போலிருந்தது. வைத்தும் பார்த்தேன். சிமெண்ட் வாசனைதான்.

"நாளைக்குப் பூச வர்றாங்களாமே?" என்று கேட்டார்.

"ஆமா அத்தான்."

மீதியிருந்த வரிசைகளைக் கண்ணால் ஒருதரம் பார்த்துக்கொண்டார்.

"ரெண்டு நாள் கழிச்சு வரச் சொல்லு. சுவருக்கு இன்னும் தண்ணி பத்தல."

தண்ணீர் தேவைக்கு மேலேயே ஊற்றியாகிவிட்டது. அது கொத்தனாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், கண்ணாடிக்காரருக்கும் நன்றாகத் தெரியும். சரி அத்தான் என்று சொல்லிவிட்டு, கொத்தனாருக்குப் போன் செய்ய வாசலுக்கு வந்தேன்.